எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

சித்திரை வெயிலில், மல்லாங்கிணற்றிலிருந்து பாரம் ஏற்றிப் புறப்பட்ட டீசல் பிக்கப் ஒன்று ஆவி கக்கிக்கொண்டு ஓரமாக நின்றால், டிரைவரின் கை முதலில் ரேடியேட்டர் மூடிக்குத்தான் போகும்.

அதைச் செய்யவே கூடாது.

மூடிக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட வேண்டும்.

அப்புறம் காரணம் தேடலாம். நெரிசலில் ஊரும்போது மட்டும் சூடேறினால் ஃபேனையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். பாரத்தோடு வேகமாகப் போகும்போது சூடேறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். கரிசல் காட்டுத் தூசியும் வைக்கோல் துரும்பும் வெளியே அடைக்கும். உப்புத் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து அடைக்கும். மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். ரேடியேட்டர் அடைப்பாலும் அப்படி ஆகும்.

எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் பழுதுதான். வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். கம்பெனி சொல்லும் கூலன்ட்டையே ஊற்றுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் அதன் அளவைப் பாருங்கள்.