வெற்றுநிலமன்று, நீர்தாங்கி!



கொடைக்கானலில் இன்று ஏரியென விளங்குவது, முன்னர் மலைத்தாழ்விற் கிடந்த சதுப்பே. 1863-இல் மதுரைத் தண்டலர் இலெவிஞ்சு அங்கோடிய ஓடைகளைக் கரையிட்டு மறிக்க, ஏறத்தாழ 60 குறுக்கப் பரப்பில் நீர் நின்றது. அதன் மிகுநீரே வெள்ளியருவியாய் வீழ்கின்றது.

அவ்வூரின் பிற தாழ்வுகளோ? ‘வெற்றுநிலம்’ என்று விலைபேசப்படுகின்றன! ஐப்பசி மழையை அங்குள்ள புல்வேரும் கருமண்ணும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடைத் திங்களில் சிறுகச் சிறுக விடுகின்றன. இம்மலையின் இத்தகைய ஊற்றுகளாலேயே வடக்கே பொருந்தலாறும் தெற்கே மஞ்சளாறும் ஓடுகின்றன. பழனி வயல்கள் விளைகின்றன. தாழ்வில் காரை பூசினால், அம்மழை ஒருநாளிலேயே சாலைவழிப் பாய்ந்து, மண்ணையும் அரித்து ஏரியில் கொட்டிவிடும்.

வரிக்கணக்கிற்குப் புறத்தே, பொதுவுக்கென விடப்பட்ட நிலமே ‘புறம்போக்கு’. அந்த நல்ல தமிழ்ச்சொல் இன்று ஏச்சுச்சொல்!

பசுமை என்றதும் மரம் நட முந்துவோர் பலர். வெள்ளையராட்சியிலும் அதன் பின்னும் புல்வெளிகளில் நடப்பட்ட அயல்நாட்டு வேலும் பைனும் இம்மலையின் ஈரத்தைக் குடித்தது போதாதா? ஊர்நடுத் தாழ்வுகளுக்கு வேண்டுவன நாட்டுப்புல்லும் கோரையுமே. தெருநீர் நேரே ஏரிக்குள் விழாமல், அப்புல்லினூடே தேங்கி, வண்டல் படிந்து, தெளிந்து இறங்குமாறு வாய்க்காலைத் திருப்புதல் வேண்டும். அதற்கு முன்னர், எஞ்சிய தாழ்வுகளை மனையாக்க நகராட்சி இசைவு தராதிருத்தல் வேண்டும்.