மார்க் கூடினால் படிப்பு கூடியதா?



மும்பை தாராவியில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். அவர்கள் எழுதுவது மகாராஷ்டிர மாநிலத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு. அதன் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள்.

மொழிப் பாடத்துக்கு மொத்தம் 100 மார்க். அதில் 20 மார்க்கைப் பள்ளிக்கூடமே போடும். 2018இல் நூற்றுக்கு 89 பேர் தேறினார்கள். 2019இல் அந்த 20 மார்க்கை எடுத்துவிட்டார்கள். 77 பேர்தான் தேறினார்கள். 2020இல் மறுபடியும் கொடுத்தார்கள். 95 பேர் தேறினார்கள்!

ஒரே ஆண்டில் பிள்ளைகளின் அறிவு குறைந்து, மறு ஆண்டே கூடிவிடுமா? கூடாது. மார்க் போடும் முறை மாறியது. அவ்வளவுதான்.

தண்ணீர் பிடிக்க, தம்பியைப் பார்க்க, பட்டறையில் உதவ என்று பிள்ளையை வீட்டில் நிறுத்துகிறோம். அன்று நடந்த பாடம் போனது போனதுதான். 20 மார்க் அதை ஈடுகட்டாது. வேலைக்குப் போகும் இடத்தில் விண்ணப்பத்தை வாசிக்கத் தெரியாமல் பிள்ளை தலைகுனிய வேண்டிவரும்.

இப்போது உங்களுக்கும் எழுத்து தெரியும். மார்க் அட்டையில் வருகை நாட்களைப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறினால் மறுநாளே ஆசிரியரைப் பார்த்துக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.