அந்திமந்தாரையும் ஈவ்னிங் பிரிம்ரோஸும்

முக்கொம்புல இருந்து பேசுறேன். ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு அம்மா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "தம்பி, நான் ஈவ்னிங் பிரிம்ரோஸ் ஆயில் மாத்திரை போட்டுக்கிறேன். அந்தச் செடிக்குத் தமிழ்ல அந்திமந்தாரைன்னு போன்ல காட்டுது. அது எங்க கொல்லையில நிறைய கிடக்கு. விதையை அரைச்சு நானே எண்ணெய் எடுத்துக்கலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். வேண்டாம்மா. அந்திமந்தாரையோட விதையும் கிழங்கும் விஷம். சாப்பிட்டா வாந்தி, வயித்துவலி, பேதின்னு போகும். விதை வேற அச்சு அசல் மிளகு மாதிரியே இருக்கும். சின்னப் பசங்க இருக்கிற வீடுன்னா கூடுதல் கவனம் தேவை.

எங்க வேலையில ரெண்டு வேற வேற விஷயத்துக்கு ஒரே பேர் வச்சா ப்ரோக்ராம் கவுந்துடும். இங்க நடந்தது அதேதான். ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது, ரெண்டும் சாயங்காலம் பூக்கும். ஒத்துமை அவ்வளவுதான். அந்திமந்தாரை நம்ம காகிதப்பூவுக்குச் சொந்தம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் ஈனோதெரான்னு தனி இனம். மஞ்சள் பூ, நாலே இதழ். காமா லினோலெனிக் அமிலம் இருக்கிறது இதோட பொடி விதையிலதான்.

சரி, அதையே வாங்கி வளர்க்கலாமான்னா, எண்ணெய்க்குப் பயன்படுற வகை ரெண்டு வருஷப் பயிர். முதல் வருஷம் தரையோட ஒட்டி இலை மட்டும் விடும். நல்ல குளிர்காலம் ஒண்ணைத் தாண்டினாத்தான் தண்டு எழும்பிப் பூக்கும். திருச்சி மார்கழியெல்லாம் அதுக்குக் குளிரே இல்ல. அதுக்கு முன்னாடி சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டிடும். நீலகிரிப் பக்கம் இதோட உறவுக்காரச் செடி ஒண்ணு, இளஞ்சிவப்புப் பூவோட, தானாவே முளைச்சுக் கிடக்கு. மலைக்கு அது சரி.

மாத்திரையைப் பத்தியும் ஒரு வார்த்தை. தோல் அரிப்புக்கு, அதாவது எக்ஸிமாவுக்கு, இந்த எண்ணெய் வெறும் போலி மாத்திரையை விடப் பெருசா உதவலைன்னு 2013-ல காக்ரேன் அமைப்போட ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. நீங்க எதுக்காகப் போடுறீங்கன்னு சொல்லலை, அதனால டாக்டர்கிட்டயே கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுக்கிறவங்கன்னா கண்டிப்பா கேட்கணும்.

அதுக்காகக் கொல்லையில இருக்கிற செடியைப் பிடுங்கிடாதீங்க! நாலு மணிக்கு மேல விரிஞ்சு, ராத்திரி வாசத்தோட நின்னு, காலையில சுருங்குற பூ. இருட்டினதும் நீள உறிஞ்சியோட அந்துப்பூச்சி வந்து தேன் குடிக்கிறதைப் பார்க்கலாம். நம்ம ஆத்தங்கரை மணல் மண்ணு, கொஞ்சம் மக்கின சாணி எரு, இது போதும். விதையை ராத்திரி ஊறவச்சு அரை இஞ்ச் ஆழத்துல போடுங்க. தண்ணி மட்டும் தேங்கக் கூடாது, கிழங்கு அழுகிடும். தொட்டின்னா ஆழமானதா எடுங்க. கறுத்த விதையைக் கொட்டுறதுக்கு முன்னாடி பறிச்சு, பேர் எழுதின டப்பாவுல போட்டு வைங்க. அடுப்படியில மட்டும் வேண்டாம்.