விடுபட்ட வாக்கியம்



இன்று ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்து நிற்கும் திருப்பெரும்புதூரில், 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் குண்டுவெடிப்பில் மடிந்தனர். நாடே கொதித்திருந்த வேளையில், குற்றம் சாட்டப்பட்டோர்க்காக எழுந்து நிற்பது எளிதன்று.

1998 சனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத்தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் என். நடராசனும் அவருக்குத் துணைநின்ற வழக்கறிஞர்களும் வாதாடினர். 1999 மே 11 அன்று, 19 பேர் மீதான கொலைச்சதித் தீர்ப்பு நீங்கியது. நால்வருக்குத் தூக்கு உறுதியாயிற்று.

அந்நால்வருள் ஒருவர் பேரறிவாளன். மின்கலம் வாங்கித் தந்தார் என்பது அவர்மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. தடாச் சட்டத்தின்கீழ்க் காவல் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே முக்கியச் சான்று. அது எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக, அவ்வதிகாரி தியாகராசனே 2013இல் வெளிப்படுத்தினார். 2014இல் தூக்கு, ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18இல் விடுதலை. இடையே கழிந்தவை ஏறத்தாழ 31 ஆண்டுகள்!

சொல்லின் அருமை அறிந்த அன்பர்களே, எதிர்வாதம் செய்பவர் கொலைக்குப் பரிந்து பேசுபவர் அல்லர். சொன்னதும் எழுதியதும் ஒன்றுதானா என்று கேட்பவர். அக்கேள்வியே மடிந்தோர்க்கும் நாம் செய்யும் நீதி.