காலத்தே செய்யும் மருத்துவம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்வியைப் போற்றும் இம்மேடையில் குழந்தைகளின் இதயத்தைப் பற்றிப் பேச முற்பட்டுள்ளோம். அறியாமையால் ஒரு குழந்தையை இழப்பதும் கல்வியின்மையின் விளைவே என்பதே அதற்குக் காரணம்.

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இதயத்தில் பிறவிக் குறைபாடு உண்டு. ஆயின் எல்லாக் குறைபாட்டிற்கும் ஒரே காலம் அன்று. கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் துளை சிறிதாயின் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், காத்திருக்கலாம். மேலறைச் சுவரின் துளையைப் பெரும்பாலும் 3 முதல் 5 வயதிற்குள் அடைப்பர். கீழறைத் துளை பெரிதாயின், முதல் ஆண்டிற்குள்ளேயே அறுவை செய்தல் வேண்டும். தாழ்த்தினால், மிகையான குருதியோட்டத்தால் நுரையீரல் நாளங்கள் தடித்து இறுகிவிடும். அதன்பின் துளையை அடைப்பதே உயிருக்கு இடராகும். இதயத்தினின்று புறப்படும் இரு பெருநாளங்களும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கோ சில வாரங்களே தவணை!

"பிள்ளை சற்றுப் பெரிதாகட்டும்" என்று நாமே முடிவு செய்தல் தகாது. காத்திருப்பதா, விரைவதா என்பதை இதய மருத்துவரே சொல்லவேண்டும்.

இத்துறையின் வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடும் ஒருவர் உளர். அமெரிக்காவில் அடிமையாயிருந்தவரின் பேரராகப் பிறந்த கறுப்பினத்தவர் விவியன் தாமஸ். கல்லூரிக்கெனச் சேர்த்த பணத்தை வங்கி முறிவில் இழந்தவர். மருத்துவப் பட்டம் இல்லாமலே ஆய்வுக்கூடத்தில் உழைத்து, நீலம்பாய்ந்த குழந்தைகளுக்கான அறுவைமுறையை நாய்களில் செய்து தேர்ந்தார். 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோர் நகரில் டாக்டர் பிளாலாக் 15 மாதக் குழந்தைக்கு அவ்வறுவையைச் செய்தபோது, தாமஸ் அவர் பின்னே நின்று வழிகாட்டினார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. எனினும் அவ்வழியில் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். துப்புரவுப் பணியாளர் நிலையில் ஊதியம் பெற்ற அவருக்கு, 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது. அன்று தற்காலிக வழியாக இருந்தது, இன்று முழுச் சீரமைப்பாக வளர்ந்து, பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே செய்யப்படுகிறது.

இளைஞர்களே! பால் குடிக்கையில் வியர்த்துக் களைக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, மூச்சிரைக்கும் குழந்தை, அடிக்கடி சளிக் காய்ச்சல் காணும் குழந்தை, அழும்போது உதடும் நாக்கும் நீலமாகும் குழந்தை: இவர்களை உங்கள் தெருவில் கண்டால் வாளாவிராதீர். தோஷமென்று கயிறு கட்டிக் காலம் போக்க விடாதீர். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றனர். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவையும் அடங்கும். இவை நமக்கு யாரும் இடும் பிச்சையல்ல, நம் உரிமை.

படித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத தாயுடன் மருத்துவமனை வரை செல்லட்டும், விண்ணப்பத்தை நிரப்பட்டும், மருத்துவர் குறித்த நாளை நினைவூட்டட்டும். அதுவே நாம் கற்ற கல்வியின் பயன்.

வாழ்க நம் குழந்தைகள்! வளர்க கல்வி!