வெங்காயமும் ஏற்றுமதி ஆணைகளும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



குடிநீர், பாதை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே இக்கூட்டங்களின் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ புதுதில்லியில் பிறப்பிக்கப்படும் ஏற்றுமதி ஆணைகளைப் பற்றியது. அதற்கும் நமது ஊராட்சிக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். சின்ன வெங்காயம் பயிரிடும் ஊரில் இதற்கு விடை கூற நெடுநேரம் வேண்டியதில்லை. பெரம்பலூர், திண்டுக்கல் முதலான மாவட்டங்களில் விளையும் சின்ன வெங்காயம் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றது. கப்பலேறும் பங்கு சிறியதேயாயினும், அது நின்றுவிட்டால் அச்சரக்கு உள்ளூர் மண்டிக்கே திரும்பி வந்து விலையை அழுத்துகின்றது. ஆதலின், தம் கையால் ஒரு மூட்டையும் வெளிநாட்டுக்கு அனுப்பாத உழவரையும் இவ்வாணைகள் தொடவே செய்யும்.

இவை எத்துணை விரைவாக மாறுகின்றன என்பதைச் சற்று நோக்குங்கள். 2019 செப்டம்பர் 13-ஆம் நாள், வெங்காயத்தை டன்னுக்கு 850 டாலருக்குக் குறைந்து ஏற்றுமதி செய்யலாகாது என்று விதித்தார்கள். அம்மாதம் 29-ஆம் நாள் ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. 2020 மார்ச்சு 15-இல் தடை நீங்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 14-இல் மீண்டும் வந்தது. 2021 ஜனவரி முதல் நாள் மீண்டும் நீங்கியது. பிறகு 2023 ஆகஸ்டு 19-இல் 40 சதவீத ஏற்றுமதி வரி. அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் என்னும் குறைந்தபட்ச விலை. டிசம்பர் 8-இல் முழுத் தடை. சின்ன வெங்காயம் நிலத்தில் நிற்கும் காலம் ஏறத்தாழ 70 முதல் 90 நாட்கள். அவ்வாண்டு ஐப்பசித் தொடக்கத்தில் நட்ட உழவர் ஒருவர், வெங்காயத்தைப் பிடுங்குமுன் இருமுறை விதி மாறக் கண்டிருப்பார்.

அந்த டிசம்பர் ஆணையில் 2024 மார்ச்சு 31 வரை என்று காலவரையறை எழுதப்பட்டிருந்தது. ஏப்ரலில் கதவு திறக்கும் என்று நம்பிப் பட்டறையில் வெங்காயத்தை நிறுத்தி வைத்தவர்கள் உண்டு. ஆனால் மார்ச்சு 22-ஆம் நாள், மறு ஆணை வரும்வரை தடை நீடிக்கும் என்று அறிவிப்பு வெளியாயிற்று. பட்டறையில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் அழுகலும் எடைக் குறைவும் உண்டென்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆணையில் குறித்த கடைசித் தேதியை உறுதிமொழியாகக் கொண்டு ஒரு பட்டத்தின் முழுச் சரக்கையும் தேக்கி வைப்பது கூடாது. பகுதியேனும் விற்றுவிடுதல் நலம் என்பது என் துணிபு.

2024 மே மாதத்தில் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தபோது முதிய உழவர் ஒருவர் என்னிடம், "ஐயா, தடை எடுத்தாச்சுன்னு ரேடியோவிலே சொன்னாங்களே, வியாபாரி ஏன் விலையை ஏத்தமாட்டேங்கறான்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மே 4-ஆம் நாள் தடை நீங்கியது உண்மையே. ஆனால் அதனோடு டன்னுக்கு 550 டாலர் என்னும் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் இருந்தன. 550-க்கு 40 சதவீதம் 220. இரண்டும் சேர்ந்து 770 டாலர். அன்றைய நாணய மாற்றில் கிலோவுக்கு ஏறத்தாழ 64 ரூபாய். கப்பல் கூலி வேறு. இவ்விலைக்கு வாங்குவோர் அக்கரையில் இல்லையெனில், கதவு திறந்திருந்தும் வண்டி போகாது. வியாபாரி இக்கணக்கை அறிந்திருந்தார். முதியவரிடம் அதனை எவரும் சொல்லவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 13-இல்தான் குறைந்தபட்ச விலை நீங்கி வரி 20 சதவீதமாயிற்று. அவ்வரியும் 2025 ஏப்ரல் முதல் நாள் நீக்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டுவது, ஆணைகள் இரண்டு வாயில்களிலிருந்து வருகின்றன என்பது. தடையும் குறைந்தபட்ச விலையும் 1992-ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தின்கீழ், வர்த்தக அமைச்சகத்தைச் சேர்ந்த வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் அறிவிக்கைகளாக வெளிவருகின்றன. ஏற்றுமதி வரியோ நிதி அமைச்சகத்தின் சுங்க அறிவிக்கையாக வரும். ஒன்றைப் பார்த்து மற்றொன்றைப் பாராதவர் பாதி செய்தியே பெற்றவராவார். இரண்டும் அவ்வவற்றின் இணையதளத்தில் வெளியாகின்றன.

அறிவிக்கையைக் கையில் எடுத்தவுடன், எந்நாள் முதல் நடைமுறைக்கு வருகின்றது என்பதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வெளியான நாளிலேயே வந்துவிடும். அதன்பின் இடைக்கால ஏற்பாடு பற்றிய பத்தியைத் தேட வேண்டும். 2023 டிசம்பர் ஆணையில், அறிவிக்கைக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கிய சரக்கும், சுங்கத்தாரிடம் ஒப்படைக்கப்பட்ட சரக்கும் செல்லலாம் என்றிருந்தது. துறைமுகத்தை நோக்கி லாரியில் சென்றுகொண்டிருந்த சரக்குக்கு அச்சலுகை இல்லை. எனவே, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வியாபாரியோடு ஒப்பந்தம் எழுதும்பொழுது, சரக்கு வழியிலிருக்கும்போது தடை வந்தால் நட்டம் யாருடையது, முன்பணம் திரும்புமா, சரக்கு எங்கே இறக்கப்படும் என்பவற்றை எழுத்தில் வைக்க வேண்டும். வாய்ச்சொல்லில் விட்டால், அந்த நட்டம் பெரும்பாலும் உழவர் தலையிலேயே விழும். நேரே ஏற்றுமதி செய்ய எண்ணி ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் பெற்றிருக்கும் நிறுவனங்கள், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் முடிய அதனை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் அவ்வெண் செயலிழந்துவிடும். இது சிறு வேலை, ஆனால் மறக்கப்படுவது.

அரசாங்கம் இத்தடைகளை விதிப்பது ஏன் என்றும் கேட்பீர்கள். வெங்காய விலை ஏறினால் நகரத்தார் மட்டுமின்றி நம்மூர்க் கூலியாளரும் கடையில் வாங்கியே உண்ண வேண்டும். அவர்களை மறந்து பேசுவது நேர்மையாகாது. ஆயினும், மகாராஷ்டிரத்துப் பெரிய வெங்காயத்தின் விலையை முன்னிட்டு வரும் ஆணை, நமது சின்ன வெங்காயத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றது. சுங்க அட்டவணையில் 070310 என்னும் ஒரே தலைப்பின்கீழ் இரண்டும் அடங்குவதே காரணம். கர்நாடகத்துப் பெங்களூர் ரோஸ் வெங்காயத்துக்கு 2019-இலும் 2020-இலும் அளவு வரையறுத்துத் தனி அனுமதி கிடைத்தது. நம் உழவர்கள் சின்ன வெங்காயத்துக்குத் தனிக் குறியீடு கேட்டு வருவது நியாயமென்றே நான் கருதுகின்றேன்; இஃது என் சொந்தக் கருத்து. இது குறித்துக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மேலே அனுப்புவதற்குத் தடையொன்றுமில்லை.

ஆனால் செய்தி பரப்பக் கிராம சபையை நம்பியிருக்க இயலாது. 2023 டிசம்பர் ஆணை, நவம்பர் 1-க்கும் ஜனவரி 26-க்கும் இடையே வந்தது. ஆகவே ஒவ்வோர் ஊராட்சியிலும் கணினி அறிந்த இளைஞர் ஒருவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டுகின்றேன். நடவுக்கு முன்னும் அறுவடைக் காலத்திலும் அவர் நாள்தோறும் இரு இணையதளங்களையும் பார்த்து, வெங்காயம் என்று கண்டால் தேதி, விலை, வரி, விலக்கு ஆகியவற்றைத் தமிழில் நான்கு வரியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும். காலாவதியான தாள் பலகையில் இருப்பது தாள் இல்லாமையினும் கேடு. ஆங்கிலத்தில் ஐயம் எழுந்தால் ஒன்றிய அலுவலகத்துக்கு வரலாம். தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையும் கேட்கலாம். இளைஞர்களின் பெயர்களை இம்மாத இறுதிக்குள் விரிவாக்க அலுவலரிடம் கொடுத்தால், ஐப்பசி நடவுக்கு முன்னரே அவர்களுக்கு ஒருநாள் பயிற்சி ஏற்பாடு செய்கின்றேன்.