அஞ்சினான் புகலிடம்

(மகாவீர் செயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

அருகன் திருவடி வாழ்க! 

உயிர்கள் அனைத்திற்கும் பொதுவான உணர்வுகள் நான்கு என்று சமண நூல்கள் கூறும். உணவு வேட்கை, அச்சம், இணைவிழைச்சு, பற்று என்பன அவை. எறும்புக்கும் அச்சம் உண்டு, யானைக்கும் உண்டு. ஆகவே அஞ்சுவது இழுக்கு என்று எவரும் நாணவேண்டுவதில்லை. அஃது உடம்பெடுத்த உயிரின் இயல்பு. மனிதரின் அச்சத்தை ஆசிரியர்கள் மேலும் நுணுகி நோக்கி ஏழாகப் பகுத்தனர். இம்மையைப் பற்றிய அச்சம், மறுமையைப் பற்றிய அச்சம், காப்பார் இல்லையே என்னும் அச்சம், அரண் இல்லையே என்னும் அச்சம், நோய் அச்சம், இறப்பச்சம், எதிர்பாராது வரும் இடரைப் பற்றிய அச்சம் ஆகியவை அவ்வேழும்.

இவ்வேழும் ஒருங்கே வந்து சூழ்ந்த காலத்தை இவ்வவையில் உள்ளோர் யாவரும் கண்டிருக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் மகாவீர் செயந்தி ஏப்ரல் 6ஆம் நாள் வந்தது. ஊரடங்கு தொடங்கி அன்றைக்கு இரண்டு வாரங்கூட நிறைவுறவில்லை. ஆலயத்தில் மக்கள் கூடும் வழியில்லை, ஊர்வலம் இல்லை. பகவானின் பிறந்த நாளை ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு விளக்கின் முன் தனித்திருந்து கொண்டாடியது. மறு ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அத்திருநாள் வந்தபோதோ, நாட்டின் நிலை அதனினும் கொடிது. மூச்சுக் காற்றுக்காக மருத்துவமனை வாயில்களில் மக்கள் காத்துக் கிடந்தனர். பெற்ற தாயின் முகத்தை இறுதியாக ஒருமுறை காணவும் இயலாத பிள்ளைகள் பலர்.

அந்நாளில் பல இல்லங்களில் ஒரு வினா எழுந்தது. வெளிப்படக் கேட்டோர் சிலர். உள்ளத்துள்ளே வைத்துக்கொண்டோர் பலர். “அருகன் விருப்பு வெறுப்பு அற்றவன். வேண்டுவார்க்குக் கொடுப்பதும் இல்லை. வேண்டாதாரை ஒறுப்பதும் இல்லை. அப்படியானால், நடுங்கும் நேரத்தில் அவனிடம் சென்று என்ன பயன்? அண்டை வீட்டார் தம் தெய்வத்திடம் ‘காப்பாற்று’ என்று கதறுகின்றனரே, சமணர் எதைச் சொல்லி அழுவது?”

இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. படித்தவர் கேட்டாலும் பாலர் கேட்டாலும், துன்பத்தின் நடுவிலிருந்து எழும் வினா அது. இதற்கு விடை தேட நம் தமிழ் நூல்களையே அணுகலாம்.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில், ஒரு நாயின் செய்தி வருகின்றது. வேனில் விழாவுக்காக நகர மக்கள் பொழிலில் கூடியிருக்கின்றனர். அங்கே அந்தணர்க்கென வைத்திருந்த சோற்றை ஒரு நாய் தீண்டிவிடுகின்றது. சினங்கொண்டோர் அதனை அடித்து வீழ்த்துகின்றனர். குற்றுயிராய்க் கிடக்கும் அந்த நாயைச் சீவகன் காண்கின்றான். அதனைப் பிழைப்பிக்கும் வழி இல்லை. காலம் கடந்துவிட்டது. ஆயினும் அவன் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. அருகிருந்து, அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகின்றான். அந்த நாய் அமைதியாக உயிர்நீத்து, சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கின்றது.

அந்த மந்திரத்தில் என்ன இருக்கின்றது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாகத மொழியில் முப்பத்தைந்து எழுத்துகளால் ஆனது அது. அருகர், சித்தர், ஆசிரியர், உபாத்தியாயர், சாதுக்கள் என்னும் ஐவர்க்கும் வணக்கம் கூறுவது. அதில் ‘கொடு’ என்னும் சொல் இல்லை. ‘காப்பாற்று’ என்னும் சொல்லும் இல்லை. எந்தத் தீர்த்தங்கரரின் பெயரும் அதில் இல்லை. எதையும் வேண்டாத ஒரு மந்திரம், இறக்கும் உயிருக்கு எவ்வாறு ஆறுதலாயிற்று?

நடுக்கம் கொண்ட உள்ளம் தன் துன்பம் ஒன்றையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க அத்துன்பம் வளர்ந்து உலகத்தையே மறைத்துவிடும். மந்திரம் அந்தப் பார்வையைத் திருப்புகின்றது. இதே துன்பங்களின் ஊடே நடந்து சென்று, அச்சத்தைக் கடந்து, கரையேறியவர்கள் ஐவர் இருக்கின்றனர் என்று காட்டுகின்றது. இருட்டில் வழி தவறியவனுக்குத் தொலைவில் தெரியும் விளக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆனால் அவ்விளக்கைக் கண்ட பின் அவன் கால்கள் நடுங்குவதில்லை. அருகன் தரும் ஆறுதல் அத்தகையது.

சிந்தாமணிக் கதை அத்தோடு முடியவில்லை. பின்னொரு நாள் சீவகனைக் கொல்லுமாறு கட்டியங்காரன் ஆணையிடுகின்றான். சீவகன் சிறைப்பட்டு நிற்கும் அவ்வேளையில் வந்து காப்பவன் யார்? அந்த நாயாக இருந்த சுதஞ்சணனே வருகின்றான். அவனைத் தன் மலைக்கு எடுத்துச் செல்கின்றான்.

இதே பாடத்தைப் பார்சுவநாதர் வரலாறும் கற்பிக்கின்றது. வாரணாசியில் இளவரசராய் இருந்த காலத்தில், தவசி ஒருவன் மூட்டிய தீக்குரிய கட்டையினுள் பாம்புகள் இரண்டு சிக்கியிருப்பதை அவர் உணர்ந்தார். கட்டை பிளக்கப்பட்டபோது அவை புண்பட்டு இறக்கும் நிலையில் இருந்தன. அவற்றிற்கும் மந்திர மொழியே மருந்தாயிற்று. அவையே தரணேந்திரனும் பதுமாவதியுமாகப் பிறந்தன. பல ஆண்டுகளுக்குப் பின், பகவான் தவத்தில் நின்றபோது, கமடனாக இருந்த பழம்பகைவனின் உயிர் புயலையும் மழையையும் கற்களையும் அவர்மீது ஏவியது. அப்போது தரணேந்திரன் தன் படத்தைக் குடையாக விரித்தான்.

திருநறுங்கொண்டை மலையில் அப்பாண்டைநாதர் திருமுன் நிற்போரும், கழுகுமலைப் பாறைச் சிற்பங்களைக் காண்போரும் பகவானின் தலைக்குமேல் விரிந்த அந்தப் படத்தைக் கண்டு கைகூப்புகின்றனர். கூப்பும்போது அவர் முகத்தையும் சற்று நோக்க வேண்டும். அம்முகத்தில் கமடன்மீது சினமும் இல்லை. தரணேந்திரன்மீது தனிப் பற்றும் இல்லை. கல் எறிந்தவனையும் குடை பிடித்தவனையும் ஒப்ப நோக்கிய அமைதியே அங்கு உண்டு. அந்த அமைதியில் நின்றே அவர் கேவல ஞானம் எய்தினார் என்று புராணம் கூறும்.

இவ்விரு வரலாறுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும. உதவி வானிலிருந்து இறங்கி வரவில்லை. முன்பு ஒரு நாள் யாருடைய அச்சம் தணிக்கப்பட்டதோ, அவ்வுயிரிடமிருந்தே அது வந்தது. நாயின் அருகில் இருந்தவனுக்கு நாய் துணையாயிற்று. பாம்புகளுக்கு இரங்கியவருக்குப் பாம்பு குடையாயிற்று. ஆயினும் இருவரும் பின்னாளில் கைம்மாறு வரும் என்று எண்ணி இரங்கவில்லை. இரக்கம் அவர்தம் இயல்பாக இருந்தது.

இங்கே ஒரு தடை எழலாம். “நல்லது செய்தவர் அனைவரும் காக்கப்பட்டனரா?” என்று கேட்போர் உளர். இல்லை என்பதே நேர்மையான விடை. அந்த விடையைச் சிலப்பதிகாரம் மறைக்காமல் உரைக்கின்றது.

புகாரிலிருந்து மதுரை நோக்கி நடந்த கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாக வந்தவர் கவுந்தியடிகள் என்னும் சமணத் துறவி. காட்டு வழியிலும் வெயிலிலும் நடந்து பழகாத அப்பெண்ணை அவர் தாய்போல் அணைத்துச் சென்றார். மதுரைப் புறஞ்சேரியில் மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம் அவளை அடைக்கலமாக ஒப்படைத்தார். அப்பகுதிக்கே அடைக்கலக் காதை என்று பெயர். அடைக்கலம் கொடுத்தவர் தவத்தோர், ஏற்றவள் தூயவள், அடைந்தவளோ மாசற்றவள். ஆயினும் கோவலன் கொலையுண்டான். செய்தி அறிந்து மாதரி தீயில் வீழ்ந்தாள். கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார்.

அப்படியாயின் அந்த அடைக்கலம் வீணாயிற்றா? பழவினை தன் பயனை ஊட்டியே தீரும் என்பது சமணக் கோட்பாடு. அதனைக் கவுந்தியடிகளும் அறிவார். அறிந்திருந்தும், ‘ஊழ் வருவது வரட்டும்’ என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. ஊழைத் தடுப்பது அவர் கையில் இல்லை. அந்த நெடுவழியில் கண்ணகியைத் தனியே விடாமல் இருப்பது அவர் கையில் இருந்தது. தம் கையில் இருந்ததை அவர் முழுமையாகச் செய்தார். வினைக் கோட்பாட்டைச் சொல்லிக்கொண்டு பிறர் துன்பத்தைக் கண்டும் காணாதிருப்போர் கவுந்தியடிகளின் திருமுன் நாணவேண்டும். துன்புறுவோனிடம் சென்று, ‘இது நீ செய்த வினை’ என்று சொல்வது அறிவுரையாகாது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

சமண அறம் நான்கு தானங்களைச் சிறப்பித்துக் கூறும். அன்னதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம் என்பன அவை. அஞ்சி வந்தோர்க்கு அடைக்கலம் அளிப்பதே அபயதானம். இதற்கெனத் தனியிடங்களே முற்காலத்தில் இருந்தன. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்னும் அழகிய பெயர் காணப்படுகின்றது. அஞ்சியவன் வந்து புகும் இடம் என்பது பொருள். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில் இதனை எடுத்துக்காட்டி, அபயதானத்தோடு பொருத்தி விளக்கியிருக்கின்றார். உணவையும் மருந்தையும் போலவே அஞ்சாமையும் ஒருவர் மற்றொருவருக்குக் கொடுக்கத்தக்க பொருள் என்று கண்ட முன்னோர், அதற்கு ஓர் இடமும் ஒதுக்கி, அந்த இடத்திற்கு ஒரு பெயரும் வைத்தனர்.

இனி, நாள்தோறும் சிந்திக்கவேண்டிய பன்னிரண்டு சிந்தனைகளுள் ஒன்று அசரணம் என்பது. செல்வமோ சுற்றமோ உடல் வலிமையோ இறுதியில் புகல் ஆகா என்று உணர்வது அது. அதே சமணர் நாவில் அருகர், சித்தர், சாதுக்கள், அறம் என்னும் நான்கையும் சரண் அடையும் மொழியும் உண்டு. ஒன்று புகலிடம் இல்லை என்கின்றது. மற்றொன்று உண்டு என்கின்றது. இரண்டும் முரணல்ல. நிலையாதவற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் கையே நடுங்குகின்றது. அவற்றை விட்டு நிலையானதைப் பற்றும்போது நடுக்கம் தணிகின்றது. நற்காட்சி உடையோர் ஏழு அச்சங்களினின்றும் நீங்கியவர் என்று சமயசாரத்தில் குந்தகுந்தர் உரைத்ததும் இக்கருத்தே. அப்பெருமான் தவம் செய்த இடமாகப் போற்றப்படும் பொன்னூர் மலைக்குச் சென்று திருவடி வணங்குவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

பெருந்தொற்றின் நாட்களுக்கு மீண்டும் செல்லலாம். நோயுற்றவரின் அறைக்குள் எவரும் நுழைய இயலாத அந்நாளில், தொலைபேசியைத் தாயின் செவியருகே வைக்கச் சொல்லி, தொலைவிலிருந்து ஐம்பத மந்திரம் ஓதிய மக்கள் உண்டு. அடைத்த கதவுக்கு வெளியே உணவுப் பாத்திரத்தை வைத்துவிட்டு, “தேவை என்றால் கூப்பிடுங்கள் அக்கா” என்று குரல் கொடுத்துச் சென்ற அண்டை வீட்டாரும் உண்டு. அவர்தம் சாதியையோ சமயத்தையோ எவரும் அன்று கேட்கவில்லை. நோயை அவர்களால் விலக்க முடியவில்லை. இறந்தோர் சிலரை மீட்கவும் முடியவில்லை. ஆனால் சீவகன் நாய்க்குச் செய்ததையும், கவுந்தியடிகள் கண்ணகிக்குச் செய்ததையுமே அவர்கள் செய்தனர். அவ்வில்லங்கள் ஒவ்வொன்றும் ஓர் அஞ்சினான் புகலிடமாயிற்று.

ஆகவே, “அருகன் ஏன் காக்கவில்லை?” என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு விடை சொல்லலாம். “குழந்தாய், அருகன் அச்சமற்று நிற்கின்றான். அவனை நினைக்குந்தோறும் உன் அச்சம் சிறிது குறையும். குறைந்த அந்த நேரத்தில் உன் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருப்பவர் யார் என்று பார். அவர் கையைப் பற்று. உனக்குரிய துணையும் அவ்வழியே வரும்.”

இத்திருநாளில் ஒவ்வோர் இல்லத்தாரும் இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம். காலையும் மாலையும் ஒருமுறையேனும் குடும்பத்தோடு அமர்ந்து, பொருள் உணர்ந்து, ஐம்பத மந்திரம் ஓதுவது ஒன்று. தனித்து வாழும் முதியவரையோ, நோயுற்றவரையோ, வாயற்ற உயிரையோ நாள்தோறும் நாடிச் சென்று, அதன் அச்சத்தைச் சிறிதேனும் தணிப்பது மற்றொன்று. முதலாவது உள்ளத்திற்குப் புகலிடம் தரும். இரண்டாவது உள்ளத்தையே பிறருக்குப் புகலிடம் ஆக்கும்.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க! அறம் வளர்க!